ஒட்டும் கார்பெட்டும் பன்னிரண்டு பார்களும்: மெல்போர்ன் ‘எஸ்பி’ புது உருவம் எடுத்த விதம்

மெல்போர்னின் செயின்ட் கில்டா கடற்கரையைப் பார்த்தபடி நிற்கிறது எஸ்பிளனேட் ஹோட்டல். ஊர்க்காரர்கள் ‘எஸ்பி’ என்றுதான் சொல்வார்கள். 1878-இல் பணக்காரர்களுக்கான கடலோர விடுதியாகக் கட்டப்பட்ட இந்தக் கட்டடம் நூறு வருடம் கழித்து பங்க், ராக், ப்ளூஸ் பேண்டுகளின் கூடாரமாக மாறியிருந்தது. சிந்திய பீர் ஊறி, நடந்தால் காலணியை இழுக்கும் கார்பெட், உரிந்த சுவர், வேர்வை நாற்றம், ஆனால் மேடையில் நல்ல பாட்டு. 2015 மே மாதம் கதவு மூடப்பட்டது. சாண்ட் ஹில் ரோடு என்ற மெல்போர்ன் பப் நிறுவனம் 2017-இல் அதை வாங்கியது. 2018 நவம்பர் 30 அன்று மூன்று மேடை, பன்னிரண்டு பார், இரண்டு உணவகம் என்று எஸ்பி மறுபடி திறந்தது.

இப்படிப் புதுப்பிக்கப்படும் பழைய இசை பார்களில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் இசைதான். சுவரில் பழைய போஸ்டர் இருக்கும், காக்டெயிலுக்குப் பழைய பேண்டின் பெயர் இருக்கும், மேடை இருந்த இடத்தில் சாப்பாட்டு மேசை இருக்கும். எஸ்பியில் மேடை தப்பித்தது. உரிமையாளரின் நல்ல மனசை மட்டும் அதற்குக் காரணமாகச் சொன்னால் போதாது. கட்டடத்தை எப்படிப் பங்கு போட்டார்கள் என்பதில்தான் பெரும்பாதி விடை இருக்கிறது. மீதி, ஒலித்தடுப்பிலும் வரவு செலவிலும் இருக்கிறது.

கட்டடத்துக்காக நடந்த சண்டை

எஸ்பி ஒரு நாளும் வெறும் மதுக்கடையாக இருந்ததில்லை. மருந்து வணிகத்திலும் கண்ணாடி பாட்டில் தொழிலிலும் பொருள் சேர்த்த ஆல்ஃப்ரட் ஃபெல்டன் 1892 முதல் 1904-இல் இறக்கும் வரை இங்கேதான் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் எழுதிவைத்த சொத்திலிருந்துதான் விக்டோரியா தேசியக் கலைக்கூடம் பல ஆயிரம் கலைப்பொருள்களை வாங்கியது. 1920-களில் நடன இசை வந்தது. பிறகு செயின்ட் கில்டா ஏழ்மைப்பட்டது, வாடகை இறங்கியது, இசைக்காரர்கள் குடியேறினார்கள். உள்ளே இருக்கும் கெர்ஷ்வின் ரூம் என்ற கூடத்தில் 2005 முதல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியின் ‘ராக்விஸ்’ வினாடி வினா படமானது. கெர்ஷ்வின் ரூமை நாடு முழுக்கத் தெரியவைத்த நிகழ்ச்சி அது.

1990-களின் பிற்பாதியில் கட்டடம் பெக்டன் என்ற மனை நிறுவனத்தின் கைக்கு வந்தது. பின்பக்கம் 38 மாடிக் கோபுரம் எழுப்பும் திட்டம் வெளியானதும் குடியிருப்பாளர்களும் இசைக்காரர்களும் ‘எஸ்பிளனேட் அலையன்ஸ்’ என்று சேர்ந்து வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். கடைசியில் 10 மாடியோடு நின்றது. பப் பிழைத்தது. ஆனால் அதன் முதுகுக்குப் பின்னாலேயே நூற்றுக்கணக்கானவர்களின் படுக்கையறை ஜன்னல்களும் வந்து சேர்ந்தன. பின்னாளில் அந்தப் பப்பில் யார் மேடை போட்டாலும் இந்த ஜன்னல்களைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும்.

எதை எங்கே வைப்பது

டெக்னே கட்டடக்கலை நிறுவனம் செய்த மறுவடிவமைப்பில் மிகச் சரியான முடிவு ஒன்றைச் சொல்லச் சொன்னால், இசையைத் தரைத்தளத்திலும் அடித்தளத்திலும் விட்டுவிட்டு, பணம் ஈட்டும் புதிய வசதிகளை மேலே ஏற்றியதைத்தான் சொல்ல வேண்டும். முன் பாரில் ஒரு மேடை, கெர்ஷ்வின் ரூமில் ஒன்று, அடித்தளத்தில் ஒன்று. கான்டனீஸ் உணவகமான ‘மியா டைகர்’, ஃபெல்டன் பெயரைத் தாங்கிய காக்டெயில் பார் இரண்டும் மேல்தளத்தில். பல வருடம் பொதுமக்கள் கண்ணிலேயே படாத மாடி அறைகள் வருமானம் தரும் அறைகளாயின. மேடைக்குரிய சதுர அடியை யாரும் பறிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

ஒற்றைத் தளமுள்ள சின்ன பாருக்கு இந்த வசதி கிடைக்காது. அங்கே நெருக்கடி எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம் உள்ள கூடம். தரை 180 சதுர மீட்டர். மேடைக்கு 24, பார் கவுண்டருக்கு 20, சவுண்ட் மிக்சருக்கு 4 போனால் மீதி 132. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மது உரிமத்துக்கு ஆளொன்றுக்கு 0.75 சதுர மீட்டர் என்று கணக்கிடும் வழக்கம் உண்டு. அப்படியானால் 176 பேர். அதே இடத்தில் மேசை நாற்காலி போட்டால் ஆளுக்கு 1.4 சதுர மீட்டராவது வேண்டும், 94 பேர்தான் உட்கார முடியும். ஆனால் மேசைக்காரர் சாப்பாட்டுக்கும் வைனுக்கும் செலவழிப்பார், மாலை ஆறு மணிக்கே வருவார், ஒரே மேசை இரண்டு முறை நிரம்பும். நின்று பாட்டுக் கேட்பவர் இரண்டு பீர் குடித்துவிட்டுப் போவார். கணக்குப்பிள்ளையின் கண்ணுக்கு மேடை எப்போதும் நஷ்டமாகத்தான் தெரியும். முதல் வருடம் வெள்ளி, சனி மட்டும் பேண்ட் என்று ஆகும், அடுத்த வருடம் மேடையில் ‘தற்காலிகமாக’ நான்கு மேசை ஏறும். பல ஊர்களில் பார்த்த வரிசை இது.

அதனால் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் ஒரே அறையைக் கொடுக்கவே கூடாது. வேறு அறை இல்லாவிட்டால் நேரத்தைப் பிரிக்க வேண்டும்: எட்டரை மணிக்குச் சமையலறை மூடும், மேசைகள் மடித்துச் சக்கர வண்டியில் ஏறும், ஒன்பதரைக்கு முதல் பேண்ட். மடக்கும் மேசைகளை வைக்க 6 சதுர மீட்டர் கிடங்கு வேண்டும் என்பதை வரைபடத்திலேயே காட்டிவிட வேண்டும். காட்டாவிட்டால் அவை போய் நிற்கும் இடம் அவசர வழியாக இருக்கும்.

சுவரும் காற்றும்

விக்டோரியா மாநில விதிப்படி, பகலிலும் மாலையிலும் பக்கத்து வீட்டில் அளக்கும் இசை, அந்த இடத்தின் பின்னணி இரைச்சலைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. இரவில் அளவுகோல் மாறுகிறது. 63 ஹெர்ட்ஸ் முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஆக்டேவ் பட்டையையும் (அதிர்வெண் பகுதியையும்) தனித்தனியாக அளப்பார்கள்; எந்தப் பட்டையிலும் பின்னணியைவிட 8 டெசிபலைத் தாண்டக் கூடாது. மொத்த ஒலியில் தேறிய பார்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதுவும் பெரும்பாலும் 63-இல். காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம்மின் குத்து 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. 63 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 5.4 மீட்டர். கிட்டாரையும் பாட்டையும் தடுக்கும் சுவர் இதைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாட்டே கேட்காது, ‘தும் தும்’ மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். தூக்கம் போவது அதனால்தான்.

பழைய கட்டடத்தில் 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் இருந்தால் அது பெரிய சொத்து. அதன் உள்பக்கம் தனிச் சட்டத்தில் இரண்டு அடுக்கு 13 மி.மீ. தீத்தடுப்பு ஜிப்சம் பலகை அடித்து, நடு இடைவெளியில் கண்ணாடிக் கம்பளி நிரப்புவது வழக்கம். சிக்கல் இடைவெளியின் அளவில் இருக்கிறது. செங்கலும் பலகையும் இரு எடைகள், நடுவில் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். இந்த அமைப்புக்கென்று ஓர் ஒத்ததிர்வு உண்டு, அந்த அதிர்வெண்ணில் சுவர் தடுப்பதற்குப் பதிலாகக் கூடவே ஆடும். பலகை சதுர மீட்டருக்கு 20 கிலோ, செங்கல் 400 கிலோ என்று வைத்தால், 50 மி.மீ. இடைவெளியில் ஒத்ததிர்வு 61 ஹெர்ட்ஸில் விழுகிறது, அதாவது கிக் டிரம்மின் மடியிலேயே. 100 மி.மீ. விட்டால் 43, 63 ஹெர்ட்ஸ் பட்டை தொடங்குவதே 44-இல் என்பதால் இது விளிம்பு. 150 விட்டால் 35 சொச்சம், ஓரளவு நிம்மதி.

அப்படியானால் ஏன் எல்லாரும் 50 விடுகிறார்கள்? மேலே சொன்ன கூடத்தின் சுற்றளவு 54 மீட்டர். நான்கு பக்கமும் 150 மி.மீ. இடைவெளியும் 30 மி.மீ. பலகையும் போட்டால் ஏறக்குறைய 9.7 சதுர மீட்டர் போகிறது, 13 பேர் நிற்கும் இடம். வார இறுதியில் 13 நுழைவுச்சீட்டு என்று உரிமையாளர் மனக்கணக்கு போடுவார். ஆனால் புகார் வந்த பிறகு ஒலி உச்சத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரை இறக்கி, பேஸை (கீழ் ஸ்தாயியை) வெட்டி, சப்பென்ற ஒலியோடு ஐந்து வருடம் ஓட்டுவதால் போகும் கூட்டம் 13 பேரைவிட மிக அதிகம். இடத்தைக் கொடுத்துவிடுவதே லாபம். பலகையைத் தாங்கும் சட்டம் செங்கலைத் தொடாமல் 20 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வயர் குழாயைப் பிடிக்க ஒரு நீள ஸ்குரூவைச் செங்கல் வரை இறக்கினாலே அந்த வழியாக அதிர்வு ஓடிவிடும். பலகை மூடுமுன் ஒருவர் டார்ச் அடித்து முழுச் சுவரையும் பார்த்தாக வேண்டும்.

சுவரைவிட ஓட்டைதான் ஆபத்து. 100 சதுர மீட்டர் சுவர் 50 டெசிபல் தடுத்தாலும், அதில் ஒரு சதுர மீட்டர் திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு மேல் ஏறாது. கடலைப் பார்த்த பெரிய ஜன்னல்களும் எந்நேரமும் திறந்து மூடும் வாசலும் உள்ள எஸ்பி போன்ற கட்டடத்தில் இது அன்றாடப் பிரச்சினை. வாசலுக்கு இரட்டைக் கதவு வேண்டும், நடுவே 2.5 முதல் 3 மீட்டர் நடை இருந்தால்தான் ஒரு கதவு சாத்தியபின் அடுத்தது திறக்கும். ஒரு மீட்டர் மட்டும் விட்டுக் கட்டினால், நாலு பேர் சேர்ந்து வரும்போது இரண்டும் ஒன்றாகத் திறந்து நிற்கும்.

ஜன்னலை அடைத்துவிட்டால் காற்று வேண்டுமே. ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்று வைத்தால் 176 பேருக்கு 1,760 லிட்டர். குழாயில் காற்று சத்தமில்லாமல் போக விநாடிக்கு 5 மீட்டருக்குள் வேகம் இருக்க வேண்டும்; அதற்கு 600-க்கு 600 மி.மீ. குழாய் தேவை. ஒலியடக்கி இல்லாமல் சுவரில் இந்த ஒரு துளை போட்டாலே, 100 சதுர மீட்டர் சுவரின் தடுப்பு 24 டெசிபலில் நின்றுவிடும். புது உணவகத்துக்காகப் பின்னால் போடும் அடுப்புப் புகைக்குழாயும் இதே தவறைச் செய்கிறது. சமையலறை ஒப்பந்தக்காரர் ஒருவர், ஒலி ஆலோசகர் இன்னொருவர். இருவரும் ஒரே வரைபடத்தைப் பார்ப்பதில்லை.

இதோடு தெருவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2007 ஜூலை முதல் விக்டோரியாவில் பப்களுக்குள் புகைபிடிக்கத் தடை. உள்ளே இருந்த கூட்டத்தில் ஒரு பகுதி நடுராத்திரியில் வாசலில் நின்று பேசுகிறது. புகார்களில் கணிசமானவை பேண்டைப் பற்றி இருப்பதில்லை, இந்தப் பேச்சையும் டாக்சி ஹாரனையும் பற்றியவை. புகைபிடிக்கும் முற்றத்தைக் குடியிருப்புக்கு எதிர்ப்பக்கம் வைப்பது எந்தக் கருவியையும்விட மலிவான தீர்வு.

கார்பெட்டை எடுத்தால் என்ன ஆகும்

ஒட்டும் கார்பெட்டைப் பார்த்து எல்லாரும் முகம் சுளித்தார்கள். ஆனால் அது ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தாழ்ந்த தட்டிக் கூரையும், பழைய திரையும், மெத்தை சோபாவும்கூட அதே வேலையைச் செய்தன. புதுப்பிப்பவர் கார்பெட்டைக் கிழித்து மெருகேற்றிய கான்கிரீட் போடுவார், தட்டியை எடுத்து உத்திரத்தைக் காட்டுவார், சுவரைச் சுரண்டி செங்கலை வெளியே கொண்டுவருவார். படத்தில் அழகாக இருக்கும். முதல் இரவு டிரம்மர் ஸ்நேரை அடித்ததும் அறை முழுக்கக் கலகலவென்று எதிரொலிக்கும், பாடகர் சொல்வது ஒன்றும் புரியாது. சவுண்ட் இன்ஜினியர் குரலை ஏற்றுவார், ஃபீட்பேக் கத்தும், கிட்டாரிஸ்ட் தன் ஆம்பைக் கூட்டுவார்.

அதே 810 கன மீட்டர் கூடத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாம் கடினப் பரப்பானால் எதிரொலி நேரம், அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரம், 1.5 விநாடிக்குப் போகும். ஒலிபெருக்கியோடு வாசிக்கும் பேண்டுக்கு 0.7 விநாடி சுமார் இருந்தால் நல்லது. இந்த நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரப்படி 1.5-க்கு 87 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு, 0.7-க்கு 186. குறைவது 99. 0.9 உறிஞ்சுதிறன் கொண்ட கம்பளிப் பலகை 110 சதுர மீட்டர் வேண்டும், அதாவது கூரையில் அறுபது சதவீதம். உத்திரங்களுக்கு நடுவே கறுப்புத் துணி போர்த்திய பலகைகளைத் தொங்கவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் 50 மி.மீ. பலகை மேல் ஸ்தாயியை மட்டும் தின்னும். 125 ஹெர்ட்ஸில் முழக்கம் அப்படியே நிற்கும். கீழ் ஸ்தாயிக்கு, பின்சுவரில் 100 மி.மீ. கம்பளியும் அதன் பின்னால் இன்னொரு 100 மி.மீ. காற்றும், அல்லது மெல்லிய ப்ளைவுட் முகம் கொண்ட பெட்டிகளும் தேவை. திரைச்சீலையை நம்ப வேண்டாம்.

உரிந்த பெயின்ட்டை அப்படியே விட்டுவைப்பது இப்போது நாகரிகம். 1970-க்கு முந்தைய ஆஸ்திரேலியக் கட்டடங்களின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தளர்ந்ததை ஈரமாகச் சுரண்டி, மீதியை ஒளிராத தெளிந்த வார்னிஷால் அடைத்த பிறகுதான் அதைச் சுவர் அலங்காரமாகக் காட்டலாம். உலர்ந்த நிலையில் சாண்டிங் மெஷின் ஓட்டினால் வேலையாள்களின் நுரையீரலுக்குள் ஈயத்தூள் போகும்.

மேடைக்குப் பின்னால்

இசைக்காரர்கள் ஒரு இடத்தை மதிப்பது மேடையின் விளக்கைப் பார்த்து அல்ல, சாமான் இறக்கும் வழியைப் பார்த்து. பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு உள்ள பேஸ் கேபினெட் 60 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை உணவக மேசைகளுக்கு நடுவே, மாலை ஆறு மணிக்கு, சாப்பிடுபவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தூக்கிப்போக வைத்தால் அந்த பேண்ட் மறுபடி வராது. 1.2 மீட்டர் அகலப் பின்கதவு, படியில்லாத சரிவு, பூட்டும் அறை, ஒரு கழிப்பறை இவ்வளவும் வேண்டும்.

மின்சாரம் அடுத்தது. பார் ஃப்ரிட்ஜும் ஐஸ் மெஷினும் மேடையும் ஒரே சர்க்யூட்டில் இருந்தால் கம்ப்ரசர் ஓடும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் ‘டக்’ என்று விழும். ஒலிக்கருவிகளுக்குத் தனி ஃபேஸ், விளக்குக்கு வேறு ஃபேஸ். மிக்சரும் மேடை ஆம்ப்களும் ஒரே எர்த்திலிருந்து மின்சாரம் எடுக்கட்டும்; இரண்டு எர்த் கலந்தால் ஹம் என்ற உறுமல் நிற்காது. ஹம்மை நிறுத்த ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மைக்கில் உதடு படும் பாடகரின் உயிர் போகும் வேலை அது. கருவியை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டினால் போதும்.

மிக்சரைக் கூட்டத்துக்கு நடுவே வைக்க வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க மூலையிலோ பாருக்கு மேலே பால்கனியிலோ ஏற்றிவிட்டால், இன்ஜினியர் கேட்பது ஒன்று, கூட்டம் கேட்பது வேறு. மூலையில் பேஸ் குவிவதால் அவர் குறைத்துக்கொண்டே போவார், நடுவில் நிற்பவர்களுக்கு பேஸே இருக்காது. புதிய காக்டெயில் பாரின் பிளெண்டருக்கும் கதவு போட்ட தனி மறைப்பு தேவை. ஒற்றைக் கிட்டாரோடு ஒருவர் மெல்லப் பாடும்போது ஐஸ் அரைபடும் சத்தம் கேட்டால், பாடுபவரை அவமதிப்பதாகும்.

யார் பணம் கொடுப்பது

பழைய முறையில் வாசல் வசூல் பேண்டுக்கு, பார் வசூல் பப்புக்கு. இன்ஜினியர் கூலியும் வாசல்காரர் கூலியும் பேண்டின் பங்கிலிருந்தே கழியும். புது எஸ்பி முன் பாரில் இலவச இசை வைத்தது. கூட்டம் சும்மா உள்ளே வருகிறது, பேண்டுக்கான ஊதியம் கட்டடத்தின் மொத்த வருமானத்திலிருந்து போகிறது. மேல்தளத்து டம்ப்ளிங்கும் காக்டெயிலும் கீழ்த்தள கிட்டாருக்குச் சம்பளம் கொடுக்கின்றன என்று சொல்லலாம். இது நல்ல ஏற்பாடு, ஒரு நிபந்தனையோடு: பேண்ட் ஊதியம் ஆண்டு வரவு செலவில் வாடகை, மின்சாரம் போல நிலைச்செலவாக எழுதப்பட வேண்டும். ‘விளம்பரச் செலவு’ என்ற தலைப்பில் போட்டால், வியாபாரம் மந்தமான முதல் மாதமே வெட்டுப்படும்.

பெரிய இடத்துக்கு இன்னொரு பலவீனம் உண்டு. 2020-21-இல் மெல்போர்ன் ஆறு முறை, மொத்தம் 262 நாள் ஊரடங்கில் கிடந்தது. ஒரு அறை, ஒரு பார்மேன் உள்ள இடம் மூடிவைத்துக் காத்திருக்கலாம். பன்னிரண்டு பாருக்குக் கடன் வாங்கிய இடத்துக்கு ஒவ்வொரு மூடிய நாளும் பாரம். சாண்ட் ஹில் ரோடின் பப்கள் பின்னர் ஆஸ்திரேலியன் வென்யூ கோ என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போயின. மேடையைக் காப்பது ஓர் உரிமையாளரின் விருப்பத்தை மட்டும் சார்ந்திருந்தால், விற்பனைப் பத்திரம் கைமாறும் அன்று அந்த விருப்பமும் கைமாறிவிடும்.

சட்டமும் சொத்தும்

மெல்போர்னின் மற்ற இசைக்கூடங்களைவிட எஸ்பிக்குப் பெரிய கட்டடமும் கடற்கரையும் இருந்தன. காலிங்வுட்டில் உள்ள டோட் ஹோட்டலுக்கு இரண்டும் இல்லை. நேரடி இசை நடத்தும் பின்னிரவுப் பப்களை ‘அதிக ஆபத்து’ என்று வகைப்படுத்தி, காவலாள்களும் கேமராவும் கட்டாயமாக்கிய உரிம நிபந்தனைகளைத் தாங்க முடியாமல் 2010 ஜனவரியில் டோட் மூடியது. அடுத்த மாதம் 23-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நகர மையத்தில் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். அரசு இறங்கிவந்தது, அதே வருடம் டோட் வேறு கையில் திறந்தது. அந்த எழுச்சியின் தொடர்ச்சியாக 2014-இல் விக்டோரியா திட்டமிடல் விதிகளில் ‘மாற்றம் கொண்டுவருபவரே பொறுப்பு’ என்ற கொள்கை நுழைந்தது. இசைக்கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள் புதிதாகக் குடியிருப்பு கட்டுபவர் தன் செலவிலேயே ஒலித்தடுப்பு செய்ய வேண்டும். இசைக்கூடம் புதிதாக வந்தால் செலவு அதனுடையது. நல்ல விதி, ஆனால் அதற்கு முன்பே எழுந்துவிட்ட குடியிருப்புகளுக்கு அது பொருந்தாது.

கட்டடமே தன் கையில் இல்லாத பாருக்கு எந்த ஒலித்தடுப்பும் உதவாது. நியூயார்க் பவரி தெருவில் 1973-இல் தொடங்கிய சிபிஜிபி என்ற பங்க் இசைக்கூடம், வாடகைத் தகராறில் 2006 அக்டோபர் 15 அன்று கடைசிக் கச்சேரியோடு மூடியது. 2008-இல் அங்கே ஜான் வர்வடோஸின் உயர்விலை ஆண்கள் ஆடைக்கடை வந்தது. போஸ்டர் ஒட்டிய பழைய சுவரின் ஒரு பகுதியைக் கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாத்தார்கள்.

டோட் இன்னொரு வழி காட்டியது. 2023-இல் கட்டடம் விற்பனைக்கு வந்தபோது, நகரில் வேறொரு சின்ன ராக் பார் நடத்திவந்த இருவர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். 30 லட்சம் டாலர் சேர்ந்தது, மீதியைத் தாங்களே ஏற்பாடு செய்து வாங்கினார்கள். இசைக்கூடமாக மட்டுமே நீடிக்கும்படி சொத்தை அறக்கட்டளைக்கு எழுதிவைப்பதாக நன்கொடையாளர்களுக்கு வாக்களித்தார்கள். அந்த வாக்கு நிறைவேறினால், சதுர மீட்டர் கணக்கோ உரிமையாளரின் கணக்குப்பிள்ளையோ அந்த மேடையில் மேசை போட அறக்கட்டளைப் பத்திரத்தைத் தாண்டி வர வேண்டும்.